சித்திரக் கதைகளும் நமது கரையும்

சித்திரக் கதை என்றதும் முகத்தைச் சுளிக்கும் வழக்கம் நமது முற்போக்கு வட்டாரங்களில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. அதற்குக் காரணம் இல்லாமலில்லை. 1954இல் இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தோன்றிய பின்னர், இந்நாட்டு மக்களின் வாழ்வை இந்நாட்டு எழுத்திலே காண விரும்பியவர்கள், தென்னிந்தியாவிலிருந்து வந்து குவிந்த வணிகச் சஞ்சிகைகளோடு போராட வேண்டியிருந்தது. அதே 1954இல் அமெரிக்காவிலே பிரெடெரிக் வேர்த்தம் என்னும் மனநோய் வைத்தியர், காமிக்ஸ் புத்தகங்கள் சிறுவரைக் கெடுக்கின்றன என்று ஒரு நூலெழுதிப் பெரும் பரபரப்பை உண்டாக்கினார். மறு ஆண்டில் பிரித்தானியா அவற்றுக்கெதிராகச் சட்டமே இயற்றியது. அச்சட்டத்தை வேண்டிக் குரல் கொடுத்தவர்களுள் அந்நாட்டுக் கம்யூனிஸ்டுகளும் இருந்தனர்.

ஆயினும் இடதுசாரிகள் இத்துறைக்கு விட்டுச் சென்ற பயனுள்ள சொத்து அந்தத் தடைச் சட்டமன்று. சிலி நாட்டில் அலெண்டே ஆட்சி நடந்துகொண்டிருந்த 1971இல் ஏரியல் டோர்ஃப்மனும் ஆர்மண்ட் மட்டெலாரும் எழுதிய சிறு நூலே அது. டிஸ்னியின் டொனால்ட் வாத்துக் கதைகளில் உழைப்பு என்பது கண்ணுக்குப் படாமல் மறைக்கப்படுவதையும், ஏழை நாட்டு மக்கள் எப்போதும் விவரமறியாக் குழந்தைகளாகவே காட்டப்படுவதையும் அவர்கள் பக்கம் பக்கமாக எடுத்துக் காட்டினார்கள். வாத்தைத் தடை செய் என்று அவர்கள் கோரவில்லை. வாத்தை எப்படி வாசிப்பது என்று சொல்லிக் கொடுத்தார்கள். 1973இல் அதிகாரத்தைப் பறித்த தளபதிகளோ அந்நூலைத் தீயிலிட்டார்கள்.

அந்த முறையிலே, அண்மையில் நாம் படித்த சில சித்திரக் கதைகளையும் சித்திர நாவல்களையும் பற்றிச் சுருக்கமாகக் கருத்துரைக்க விரும்புகிறோம். நாம் வாசிப்பது புத்தளத்துக் கரையில் இருந்துகொண்டு. படங்களை வரிசையாக நிறுத்திக் கதை சொல்வது இக்கரைக்குப் புதிதன்று. சிலாபத்திலிருந்து வடக்கே தலவில வரையுள்ள எந்தக் கத்தோலிக்கக் கோவிலுக்குள்ளும் சென்று பாருங்கள்: சுவர் நெடுகச் சிலுவைப் பாதையின் பதினான்கு நிலைகள், பதினான்கு படங்கள். எழுத்தறியாத கரைவலைத் தொழிலாளியும் அவன் தாயும் அப்படங்களை ஒவ்வொன்றாகக் கடந்து சென்று ஒரு மனிதனின் கொலையைத் தலைமுறை தலைமுறையாக வாசித்து வந்திருக்கிறார்கள். அதிகாரி கை கழுவுகிறான், சேவகன் ஆணி அறைகிறான், பெண்கள் அழுகிறார்கள். யார் பக்கம் நிற்பது என்பதில் அப்படங்களுக்கு ஐயமே கிடையாது. எனவே சித்திரக் கதை சிறுபிள்ளை விளையாட்டென்று சொல்வோரின் வாதத்தை இங்கே எவரும் ஏற்கமாட்டார்கள்.

முதலில் பழைய நண்பர்களைப் பார்ப்போம். சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972இல் தன் முதல் இதழாக வெளியிட்ட ‘இரும்புக்கை மாயாவி’யை மீண்டும் படித்தோம். 1962இல் பிரித்தானிய வார இதழொன்றில் தொடங்கிய தொடர் இது. ஸ்பானியரான ஜெசூஸ் பிளாஸ்கோ வரைந்தது. ஆய்வுகூட உதவியாளன் ஒருவன் விபத்திலே கையை இழக்கிறான். இரும்புக்கை பொருத்தப்பட்ட பின், மின்சாரம் பாய்ந்தால் அவன் உடல் மறைந்து கை மட்டும் தெரிகிறது. பிளாஸ்கோவின் நிழலும் ஒளியும் இன்றும் கண்ணைக் கவர்கின்றன. அந்தரத்தில் மிதந்து வரும் அந்த இரும்புக் கையைக் கண்டு அஞ்சாத சிறுவன் உண்டா? ஆயினும் கதையின் போக்கைக் கவனிக்க வேண்டும். வேலைத்தலத்தில் ஊனமுற்ற ஊழியன் முதலில் குற்றவாளியாகத் திரிகிறான்; பின்னர் அரசின் இரகசியப் படையிலே சேர்ந்து நற்பெயர் பெறுகிறான். அந்த விபத்துக்குப் பொறுப்பாளி யார், நட்டஈடு எங்கே என்ற கேள்வி ஒரு கட்டத்திலும் எழவில்லை. வெடி போட்டு மீன்பிடிக்கப் போய்க் கையை இழந்தவர்களை நமது கடற்கரைகள் அறியும். அவர்களுக்கு இரும்புக்கையும் கிடைப்பதில்லை, இரகசியப் படையும் அழைப்பதில்லை.

ராணி காமிக்ஸ் ‘மாயாவி’ என்று பெயரிட்டு வழங்கிய முகமூடி வீரன், 1936இல் லீ ஃபாக் உண்டாக்கியவன். இவனைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கானகத்து மக்கள் நாலு நூற்றாண்டுகளாக ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தின் காவலுக்காகக் காத்துக் கிடக்கிறார்கள் என்பதே கதையின் அத்திவாரம். காலனி ஆட்சியை நியாயப்படுத்த இதைவிட எளிய வழி வேறில்லை.

‘டெக்ஸ் வில்லர்’ சற்று வேறு விதமானவன். 1948இல், பாசிசம் வீழ்ந்து சில ஆண்டுகளே ஆன இத்தாலியில், பொனெல்லியும் கலெப்பினியும் படைத்த பாத்திரம் இது. சட்டத்தின் காவலனாயிருந்தும் நவஹோ இந்தியரின் பக்கம் நின்று நிலம் பறிப்போரையும் ஊழல் அதிகாரிகளையும் எதிர்க்கிறான். ஆயினும் அவர்களுக்குத் தலைவனாவதற்கும் ஒரு வெள்ளையனே வரவேண்டியிருக்கிறது! முகமூடி வீரனிலிருந்து இது ஓரடி முன்னேற்றம், ஓரடிதான். 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸ் இவனை ‘இரவுக் கழுகார்’ ஆக்கிய தமிழில் ஓர் உயிர்ப்பு உண்டு என்பதையும் மறைக்கக்கூடாது. ‘டுமீல்’ என்ற ஓசையைத் தமிழ்ச் சிறுவர்க்கு இலக்கண நூல் கற்பிக்கவில்லை, இவ்விதழ்களே கற்பித்தன. ‘இரத்தப் படலம்’ என்ற நெடுங்கதையையும் வாசித்தோம். நினைவிழந்த ஒருவன் தன்னைத் தேடி அலைகிறான். சூழ்ச்சிக்கு மேல் சூழ்ச்சி. விறுவிறுப்புக்குக் குறைவில்லை, மூடி வைத்தபின் மனத்திலே தங்குவதற்கு எதுவுமில்லை.

இவ்வகைக் கதைகள் அனைத்திலும் ஒருவன் செய்கிறான், ஏனையோர் பார்க்கிறார்கள். அடுத்துச் சொல்லப்போகும் நூல்களிலோ வீரனே கிடையாது. அனுபவித்தவன் பேசுகிறான்.

ஜப்பானியரான நகஸாவா கெய்ஜி, 1945 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது ஆறு வயதுச் சிறுவன். 1973இல் சிறுவர் வார இதழொன்றில் அவர் தொடங்கிய ‘வெறுங்கால் கென்’, தம் குடும்பத்தின் கதையே. இடிந்த வீட்டின் கீழ் தந்தையும் அக்காளும் தம்பியும் சிக்கிக் கிடக்க, தீ நெருங்கி வர, தாயும் மகனும் ஒன்றும் செய்யமாட்டாமல் நிற்கும் பக்கங்களை ஒரே மூச்சில் படித்துவிட எவராலும் முடியாது. நம்மைப் பெரிதும் கவர்ந்தது குண்டு விழுவதற்கு முந்திய பகுதி. போரை எதிர்த்துப் பேசியதற்காகத் தந்தை சிறையிலே வதைபடுகிறார். பிள்ளைகளைத் துரோகிகளென்று ஊர் ஏசுகிறது. அக்குடும்பத்தோடு நட்பாயிருக்கும் கொரிய அயலவர் ஜப்பானியரால் இழிவுபடுத்தப்படுகிறார். எதிரியின் குண்டை மட்டுமன்றித் தன் சொந்த நாட்டின் போர்வெறியையும் நகஸாவா விட்டுவைக்கவில்லை. அதனாலேயே அந்நூல் இன்றும் சிலரை உறுத்துகிறது. 2023இல் ஹிரோஷிமா நகரக் கல்விச் சபையே அதனைத் தன் சமாதானக் கல்விப் பாடத்திலிருந்து அகற்றிவிட்டது. படங்கள் முரட்டுத்தனமானவை, முகங்கள் மிகைப்பட்டவை, அடிதடி அதிகம். இவை குறைகளே. ஆயினும் இப்படிப்பட்ட உண்மை இவ்வளவு எளிய கோடுகளால் சொல்லப்பட்டதைக் கண்டபின், ‘எனக்கு வரையத் தெரியாதே’ என்று தயங்கும் இளைஞருக்குத் துணிவு பிறக்கும்.

ஆர்ட் ஸ்பீகல்மனின் ‘மௌஸ்’ உலகப் புகழ் பெற்றது. 1992இல் புலிட்சர் சிறப்புப் பரிசும் பெற்றது. யூதரை எலிகளாகவும் நாசிகளைப் பூனைகளாகவும் வரைந்து, அவுஷ்விட்ஸ் முகாமிலிருந்து தப்பிய தம் தந்தையின் வரலாற்றை ஆசிரியர் சொல்கிறார். அதன் பெருமை தந்தையைப் புனிதராக்காமல் விட்டதிலேயே இருக்கிறது. கொலைக்களத்திலிருந்து மீண்ட அதே மனிதர் கருமியாகவும் கறுப்பினத்தவரை வெறுப்பவராகவும் இருக்கிறார். துன்பப்பட்டவன் நல்லவனாகவே இருக்கவேண்டுமென்ற கட்டாயத்தை ஸ்பீகல்மன் ஏற்கவில்லை. ‘பெர்செபோலிஸ்’ என்ற மர்ஜானே சத்ரபியின் ஈரானியக் கதை தமிழிலும் வந்திருக்கிறது. அதைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். வசதி படைத்த குடும்பத்துப் பெண்ணின் கண்ணுக்கு எட்டாத ஈரான் ஒன்று உண்டு என்பதை மட்டும் குறித்துவிட்டு மேலே செல்கிறோம்.

‘பீமாயணம்’ 2011இல் டில்லி நவயானா பதிப்பகம் வெளியிட்டது. பின்னர் தமிழிலும் வந்தது. அம்பேத்கரின் வாழ்விலே தீண்டாமை இழைத்த கொடுமைகளைக் கோண்டு பழங்குடிக் கலைஞர்களான துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் தம்பதியர் வரைந்திருக்கிறார்கள். மனிதரைப் பெட்டிக்குள் அடைக்கமாட்டோமென்று அவர்கள் கட்டங்களையே கைவிட்டனர். அன்பாகப் பேசுவோரின் சொற்கள் பறவை வடிவில் அமைகின்றன. நஞ்சு பேசுவோரின் சொற்களுக்குத் தேள்கொடுக்கு இருக்கிறது. தகப்பனைக் காணப் புறப்பட்ட சிறுவன் வழியெல்லாம் குடிதண்ணீருக்குத் தவிக்கும் பகுதியைக் கற்பிட்டிப் பக்கத்தில் இருந்துகொண்டு வாசிக்கும்போது கிணற்றடிச் சச்சரவுகள் எல்லாம் நினைவுக்கு வருகின்றன. உவர் நிலத்திலே நல்ல தண்ணீர் யாருக்கு என்ற கேள்வி இங்கே ஒருநாளும் ஓய்ந்ததில்லை. ஒன்று மட்டும் குறை: அம்பேத்கரின் அரசியற் போராட்டத்துக்கு நூலிலே போதிய இடமில்லை; படங்களின் அழகு சில இடங்களிலே சினத்தை மெத்தென்று ஆக்கிவிடுகிறது. ஆனால் மேலைநாட்டுக் கட்டங்களைக் கடன் வாங்காமலே சித்திர நாவல் ஆக்கலாம் என்பதை இந்நூல் நிரூபித்துவிட்டது.

மால்ட்டாவிலே பிறந்த அமெரிக்கரான ஜோ சாக்கோவின் இரண்டு நூல்களை அடுத்தடுத்துப் படித்தோம். முதலாவது, 1991-92 குளிர்காலத்தில் அவர் கண்ட பாலஸ்தீனம். இரண்டாவது, 2009இல் வந்த ‘காஸாவின் அடிக்குறிப்புகள்’. 1956 நவம்பரிலே கான் யூனிஸ், ரஃபா என்னும் இரு இடங்களிலும் இஸ்ரேலியப் படையினர் பொதுமக்களைச் சுட்டுக் கொன்றார்கள். கான் யூனிஸில் 275 பேர், ரஃபாவில் 111 பேர் என்று ஐக்கிய நாடுகள் அறிக்கையொன்று குறித்திருந்தது. வரலாற்று நூல்களில் அடிக்குறிப்பாகக்கூட நிலைக்காத அந்த நாட்களைத் தேடி, ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, உயிரோடிருந்த முதியவர்களின் வாசல்தோறும் சாக்கோ சென்றார். கிழவர் ஒருவர் ஒன்றைச் சொல்கிறார். மற்றவர் அதை மறுக்கிறார். மூன்றாமவரின் நினைவிலே வேறொரு நாளின் சாவு வந்து கலந்துவிடுகிறது. இம்முரண்களைச் சாக்கோ மறைப்பதில்லை. எல்லாவற்றையும் அடுத்தடுத்து வரைந்து, எது உறுதி, எது ஐயம் என்று வாசகனோடு சேர்ந்தே எடைபோடுகிறார். நினைவு பிசகுவதைக் காட்டியும் குற்றம் நடந்ததை நிலைநாட்டுகிறார். காமிராக்காரன் போகாத நாளுக்குப் பென்சில் போகும். 2023 அக்டோபருக்குப் பிறகு அதே கான் யூனிஸும் ரஃபாவும் மீண்டும் இடிபாடுகளாயின. அவற்றின் பழைய தெருக்களையும் அங்கு வாழ்ந்தோரின் முகங்களையும் காண இந்த வரைபடங்களே பலருக்குக் கிடைத்த வழி.

இறுதியாக ‘வன்னி’. 2019இல் ஆங்கிலத்தில் வெளிவந்த இச்சித்திர நாவலை எழுதியவர் பெஞ்சமின் டிக்ஸ், வரைந்தவர் லின்ட்சி பொலொக். டிக்ஸ் வன்னியிலே ஐக்கிய நாடுகள் அமைப்பின் பணியாளராக இருந்தவர். 2008 செப்டெம்பரில் அவ்வமைப்பு கிளிநொச்சியை விட்டு வெளியேறியது. போகவேண்டாமென்று மக்கள் வாயிலில் நின்று மன்றாடினார்கள். செம்பியன்பற்றுக் கடற்கரையில் வாழும் இரு மீனவக் குடும்பங்களைக் கொண்டு, 2004 ஆழிப்பேரலையிலிருந்து 2009இன் முடிவு வரை கதை நகர்கிறது. குடும்பங்கள் கற்பனை, நிகழ்ந்தவையோ உயிர் தப்பியோர் சொன்ன உண்மைகள்.

கரையோரத்தவர் என்ற முறையிலே நமக்கு இந்நூல் நெஞ்சுக்கு நெருக்கமானது. வள்ளம், வலை, கருவாட்டு வாடி என்று தொடங்கும் வாழ்வு மெல்ல மெல்லச் சுருங்கி, வீடு போய், முற்றம் போய், ஒரு தறப்பாளும் ஒரு பதுங்குகுழியும் மட்டும் எஞ்சுவதைப் பொலொக்கின் கோடுகள் அவசரப்படாமல் காட்டுகின்றன. ஆட்சியாளரின் எறிகணைகளைக் காட்டும் நூல் புலிகளின் கொடுமைகளுக்கும் கண்ணை மூடவில்லை, இது பாராட்டுக்குரியது. குறையும் உண்டு. வெளியாருக்கு விளக்கும் பொறுப்பு நூலாசிரியரை அழுத்துகிறது. ஆகவே பாத்திரங்கள் சில வேளைகளில் தங்களுக்குள் பேசாமல் இலண்டன் வாசகரோடு பேசுகிறார்கள். நமது மக்களின் நையாண்டி, ஏச்சு, ஒப்பாரி ஆகியவை ஆங்கிலத்திலே அடங்கிப்போகின்றன. அயலவர் வந்து வரைந்தாரே என்று வருந்துவதைவிட, வரைந்த அயலவருக்கு நன்றி கூறுவதே நாகரிகம். ஆனால் நகஸாவாவின் நூலை ஓர் அமெரிக்கர் வரைந்திருந்தால் அந்தச் சிறைக்கூடமும் அந்தக் கொரிய அயலவரும் அதிலே இருந்திருப்பார்களா என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

‘வன்னி’யைப் படித்துக் கண்ணீர் விடும் தமிழ் வாசகரிடம் புத்தளத்துக் கரையிலிருந்து ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும். அதே வடக்கிலிருந்து, அதே தமிழைப் பேசிய இன்னொரு மக்கள் கூட்டம், 1990 அக்டோபரில் விரட்டப்பட்டது. ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள். விரட்டியவர்கள் விடுதலைப் புலிகள். யாழ்ப்பாணத்திலே ஒலிபெருக்கியில் அறிவித்து ஒஸ்மானியாக் கல்லூரிக்கு அழைத்து, இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொன்னார்கள். வழியிலே நகைகளையும் பறித்துக்கொண்டார்கள். மன்னார்த் தீவினர் மழையிலும் காற்றிலும் படகேறிக் கற்பிட்டிக்கு வந்திறங்கினார்கள். புத்தளம், கற்பிட்டி, ஆலங்குடா, நுரைச்சோலை எங்கும் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. சில மாதங்களுக்கென்று கட்டியவற்றிலே ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து மணமுடித்தது. போர் முடிந்து திரும்பிச் சென்றவர்கள் உண்டு. சென்று, காடேறிய காணியைக் கண்டு, மீண்டும் இங்கே வந்தவர்களும் உண்டு. தங்கியவர்களின் தலைக்குமேல் 2011 முதல் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் நிலக்கரிப் புகை. இவற்றையெல்லாம் சொல்லும் சித்திர நாவல் ஒன்றையேனும் நாம் இதுவரை வாசிக்கவில்லை.

சான்றுகள் இல்லையென்று எவரும் சொல்லமுடியாது. வடக்கு முஸ்லிம்களின் வெளியேற்றத்தை விசாரித்த குடிமக்கள் ஆணைக்குழு 2011இல் தன் அறிக்கையை வெளியிட்டது. பாதிக்கப்பட்டோரின் வாய்மொழிகள் அதிலே நிறைந்துள்ளன. அறிக்கையை ஆய்வாளர் படிப்பர். சம்மாட்டியிடம் கூலிக்குப் போகும் இளைஞனும் இறால் பண்ணையிலே வேலை செய்யும் பெண்ணும் படிக்க வேண்டுமானால் அது வேறு உருவம் எடுக்கவேண்டும். சிங்கள வாசகரையும் நாம் மறக்கலாகாது. தமிழ் வழங்கிய கரையோரக் கிராமங்கள் பலவற்றிலே பள்ளிக்கூடம் சிங்களமாகிவிட்ட மாவட்டம் இது. பேரன் படிக்கும் எழுத்து பாட்டியின் எழுத்தன்று. ஆனால் படம் இருவருக்கும் பொது. 1951இல் ‘லங்காதீப’ பத்திரிகையிலே ஜி. எஸ். பெர்னாண்டோ வரைந்த ‘நீலா’ முதலாகச் சிங்களச் சித்திரக் கதைக்கு ஒரு செழிப்பான மரபு இருக்கிறது. அவ்வாசகர் கூட்டம் ஆயத்தமாகவே உள்ளது.

உருவம் வரைவது பற்றி மார்க்கப் பற்றுள்ளோர் சிலருக்குத் தயக்கம் இருப்பதை நாம் அறிவோம். அதனை ஏளனம் செய்யவேண்டியதில்லை. கட்டங்களில்லாமலே கதை சொல்ல வியாம் தம்பதியருக்கு இயன்றதென்றால், முகங்களில்லாமல் இக்கதையைச் சொல்வதும் கூடாத காரியமன்று. பூட்டிய கதவு, இடுப்பிலே முடிந்த சாவி, அடுப்பிலே பாதி வெந்த சோறு, சோதனைச் சாவடியில் கழற்றி வைத்த காப்பு, மழைநீர் தேங்கிய வள்ளத்தின் அடி, முதற் கொட்டிலின் கிடுகு. இப்பொருள்களை மட்டும் வரிசையாக வரைந்தாலே ஒரு நூலாகும். அதற்குச் சாக்கோவின் பொறுமை வேண்டும்: ஒருவர் நினைவை மற்றவர் நினைவோடு ஒப்பிட்டு, பிசகும் இடத்தைப் பிசகென்றே குறிக்கும் நேர்மை. மௌஸ் ஆசிரியரின் துணிவும் வேண்டும்: வந்தோருக்கும் முன்பிருந்தோருக்கும் கிணற்றடியிலும் பள்ளிக்கூட வாசலிலும் நேர்ந்த கசப்புகளை மூடாமல் வரைவதற்கு.

செலவும் ஒரு தடையே. 2022இல் ரூபாய் வீழ்ந்து, டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறியதன் பின், அச்சுத்தாளின் விலையும் இந்தியாவிலிருந்து வரும் நூல்களின் விலையும் சாதாரண வாசகனின் கைக்கு எட்டாதவையாயின. ‘வன்னி’யின் ஆங்கிலப் பதிப்பை வாங்கச் சொல்லி இக்கரையில் எவருக்கும் நாம் பரிந்துரைக்க இயலாது; நூல்நிலையங்கள் வாங்கவேண்டும். நாம் சொல்லும் நூலுக்கோ வண்ண அச்சும் தடித்த அட்டையும் வேண்டியதில்லை. மலிவான தாளில், கறுப்பு மையில், பதினாறு பக்கங்கள் தொடக்கத்துக்குப் போதும்.

1990இல் நாற்பது வயதிலே கற்பிட்டித் துறையில் இறங்கியவருக்கு இன்று எழுபத்தைந்து வயதாவது இருக்கும். புத்தளத்திலோ மன்னாரிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள இளம் ஓவியர் எவரேனும் அவர்களிடம் கேட்டு முதற் பத்துப் பக்கங்களை வரைந்துவிட்டால், அவற்றையும் இதே கண்டிப்போடு படித்துக் கருத்துரைக்க நாம் ஆயத்தமாயிருக்கிறோம்.